திண்ணையில இருந்து சோபா வரைக்கும்: நாய் வீட்டுக்குள்ள வந்த கதை

டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க போன் பண்ணி, "மாமா, எங்க நாயை உங்க தோட்டத்துல கொண்டாந்து விட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டா, "என்ன பண்ணுச்சு?"ன்னுதான் நான் முதல்ல கேப்பேன். கடிச்சுப்போட்டுதுன்னு சொல்றவங்க கம்மி. "சோபாவுல ஏறிப் படுத்துக்குதுங்க மாமா, எறங்கவே மாட்டேங்குது. மூணு வயசாயிருச்சு, இனிமே பழக்க முடியாதுன்னு சொல்றாங்க"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி.

கேட்டுட்டு விடறவங்களாச்சும் பரவாயில்லைங்க. கேக்காம விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. போன ஐப்பசியில பழனி ரோட்டுல ஒரு காரை நிறுத்தி ஒரு நாயை எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. கழுத்துல பட்டை, குளிப்பாட்டின ஒடம்பு. நாலு நாள் அதே புளியமரத்தடியில நின்னு வர்ற காரையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. சோறு வெச்சா கிட்ட வரலை. அஞ்சாம் நாள் ஆளைக் காணோம்.

"தோட்டத்துல விட்டா சந்தோசமாத் திரியும்"னு டவுன்காரங்க நினைக்கறாங்க. எங்க பாலசமுத்திரம் மலை அடிவாரம். ராத்திரியில காட்டுப்பன்னி எறங்கும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சொந்தமா நாய் இருக்கு, அதுக்கு எல்லை இருக்கு. புதுசா வர்ற நாயை நாலஞ்சு சேந்து மடக்கும். பங்களாவுல பிஸ்கட் தின்னு வளந்ததுக்கு அந்தச் சண்டை தெரியாது. இது பாவம் புண்ணியம் மட்டும் இல்லை. பட்டினியிலயும் தாகத்துலயும் வாட வேண்டி வரும்னு தெரிஞ்சே ஒரு பிராணியைக் கைவிட்டுட்டுப் போறது 1960-ல வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குத்தம்.

ஆகமொத்தம் ஒரு சோபாவுக்காக ஒரு உசுரு போகுது. அதனால இந்தச் சோபா சமாச்சாரத்தைக் கொஞ்சம் பழசுல இருந்து பாக்கலாம்னு தோணுச்சு. நாய் எங்க படுக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? அது மேல ஏறுனா நமக்கு ஏன் இவ்வளவு கோவம் வருது?

வாசப்படிதான் எல்லை

எங்க அப்புச்சி காலத்து வீட்டுல நாயைச் சாமான் மேல ஏறக் கூடாதுன்னு பழக்கவே வேண்டியதில்லைங்க. ஏன்னா ஏறுறதுக்குச் சாமானே கிடையாது. ஒரு கயித்துக் கட்டில், அது அப்புச்சிக்கு. ஒரு பெஞ்சு, அது வர்ற விருந்தாளிக்கு. மத்தவங்களுக்கெல்லாம் பாய். அந்தப் பாயும் காலையில சுருட்டி மூலையில சாத்திருவாங்க. நாய்க்கு எல்லை வாசப்படி. திண்ணைக்குக் கீழ, கட்டுத்தறிப் பக்கம், இல்லைன்னா வெளி அடுப்புல ஆறிப்போன சாம்பல்ல படுத்துக்கும். மார்கழிக் குளிருக்குச் சாம்பல் கதகதன்னு இருக்கும். சித்திரை வெயிலுக்கு வாழைக்கு அடியில ஈர மண்ணைப் பறிச்சு அதுவே குழி போட்டுக்கும்.

எல்லை இருந்துச்சு, எடமும் இருந்துச்சு. இந்த ரெண்டாவதைத்தான் இப்ப எல்லாரும் மறந்துட்டோம்.

இது நம்மூர் வழக்கம் மட்டும் இல்லை. இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல மூடிப்போன பாம்பெய் நகரத்தைத் தோண்டினப்போ, ஒரு வீட்டு வாசல் நடையில சின்னச் சின்னக் கல்லுப் பதிச்சுச் சங்கிலி போட்ட நாய்ப் படம் இருந்துச்சு. 'நாய் ஜாக்கிரதை'ன்னு அவங்க பாசையில எழுத்தும் இருக்கு. கி.பி. 79-க்கு முந்தின வேலை அது. அதே முதல் நூற்றாண்டுல கொலுமெல்லான்னு ஒரு ரோமானியர் விவசாயத்தைப் பத்திப் பெரிய புஸ்தகம் எழுதினார். பண்ணைக்கு முதல்ல வாங்க வேண்டியதுல நாயும் ஒண்ணுன்னு சொல்றார். வீட்டுக் காவலுக்குக் கறுப்பு நாய், ஆட்டுப் பட்டிக்கு வெள்ளை நாய். கூப்பிட்டா சட்டுன்னு கேக்கிற மாதிரி பேர் சின்னதா இருக்கணும்னும் எழுதியிருக்கார். மணி, கறுப்பி, வீரான்னு நாம வெக்கிற பேரும் அந்தக் கணக்குதான்.

நம்ம பக்கம் நாய்க்குக் கல்லே நட்டிருக்காங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டுல, அதாவது 7-ஆம் நூற்றாண்டுல நட்டது. எருமையைக் காப்பாத்தப் போயிக் கருந்தேவக்கத்திங்கிற வீரன் செத்துட்டான். அவனோட நாய் பேரு கோவிவன். அது திருடனைக் கடிச்சுக் காவல் நின்னதையும் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. நாயோட உருவமும் கல்லுல இருக்கு. கர்நாடகாவுல ஆதக்கூர்னு ஒரு ஊர்ல இன்னொரு கல்லு. 10-ஆம் நூற்றாண்டு. நம்ம அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்துல சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் நடந்த பெரிய சண்டையைப் பத்திச் சொல்ற கல்லு அது. அதுலயே, பன்னியோட மோதிச் செத்துப்போன காளிங்கிற வேட்டை நாயைப் பத்தியும் எழுதியிருக்கு. சண்டையில ஜெயிச்சுக் குடுத்த வீரன் ராஜாகிட்ட என்ன வேணும்னு கேட்டப்போ, இந்த நாயைத்தான் பரிசாக் கேட்டு வாங்கியிருக்கான்.

இந்த நாய்க்கெல்லாம் வேலை இருந்துச்சு. வேலை இருந்ததால எடமும் தானா அமைஞ்சுது. பட்டி நாய்க்குப் பட்டி, காவல் நாய்க்கு வாசல். ராத்திரி பூராத் திரிஞ்சுட்டு வர்ற நாய் பகல்ல எங்க நெழல் இருக்கோ அங்க விழுந்து தூங்கும்.

கட்டில்னா மெத்தை மட்டும் இல்லை

மனுசனுக்கு உக்கார்ற சாமான்ங்கிறது ஒடம்பைச் சாய்க்கிறதுக்கு மட்டும் இல்லைங்க. அது அந்தஸ்து. பழைய தமிழ்ல 'கட்டில்'ங்கிற வார்த்தை படுக்கைக்கும் உண்டு, ராஜாவோட சிம்மாசனத்துக்கும் உண்டு. அரசுகட்டில்னு சொல்லுவாங்க.

கி. ராஜநாராயணன் ஐயாவோட 'நாற்காலி' கதையைப் படிச்சவங்களுக்குத் தெரியும். ஒரு கிராமத்து வீட்டுக்கு நாற்காலி வர்றதே அங்க ஒரு பெரிய சம்பவம். யார் உக்காரலாம், யார் கேட்டா குடுக்கணும்னு அதுக்குப் பின்னால எத்தனை சமாச்சாரம்! நாற்காலியை வெச்சு மனுசன் மனுசனைப் பிரிச்ச கொடுமையும் நம்ம ஊர்கள்ல இருக்கு. மேல்சாதிக்காரன் தெருவுல கட்டில்ல உக்காந்திருந்தா, போறவங்க எறங்கி நடக்கணும்னு இருந்த காலம் ரொம்பத் தூரம் இல்லை. 2020-ல கூட, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில, ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்துல தரையில உக்கார வெச்ச போட்டோ வெளிய வந்து நாடே பாத்துச்சு. மத்தவங்க நாற்காலியில இருந்தாங்க.

இப்படி இருக்கிற நாம, நாய் சோபாவுல ஏறுனா என்ன நினைப்போம்? "என் எடத்துக்கு வந்துருச்சு, என்னை மதிக்கலை"ன்னுதானே?

பழமொழியும் அதையேதான் சொல்லுது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும் அது புத்தி போகாதுன்னு கேட்டே வளந்தோம். எங்க பக்கத்துல தெலுங்கு பேசற குடும்பம் நிறைய. அவங்களோட சுமதி சதகத்துலயும், நாயைத் தங்கச் சிம்மாசனத்துல உக்கார வெச்சாலும் அதோட குணம் மாறாதுன்னு ஒரு பாட்டு உண்டு. வடக்க ஹிதோபதேசத்துல, நாயை ராஜாவாக்கினாலும் செருப்பைக் கடிக்காம இருக்குமான்னு கேக்கறாங்க. நம்ம நாலடியார்ல, தங்கத் தட்டுல சோறு போட்டாலும் நாய் அடுத்தவன் எச்சிலையைப் பாத்துக்கிட்டு இருக்கும்னு வருது. அதே நாலடியார்தான் இன்னொரு எடத்துல, பழகின பாகனையே யானை கொல்லும், நாயோ எஜமான் எறிஞ்ச வேல் ஒடம்புல இருக்கும்போதே வாலாட்டும், அதனால நாய் மாதிரி ஆளோட சினேகம்தான் வேணும்னும் சொல்லுது.

எல்லாப் பாட்டுலயும் ஒரு விசயம் பொது. தட்டும் சிம்மாசனமும் நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. இதை அவங்க நாயோட இழிவாச் சொன்னாங்க. நான் அதை நாயோட நல்ல குணமாப் பாக்கறேன். தங்கச் சிம்மாசனத்தைச் சிம்மாசனம்னே தெரியாத ஜீவன், ரெக்ஸின் சோபாவுல ஏறி நம்ம அந்தஸ்தையா பறிக்கப் போகுது?

பள்ளிக்கூடத்துல படிச்ச மோசிகீரனார் கதையை இங்க ஞாபகப்படுத்தணும். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோட அரமனைக்குப் புலவர் வந்தார். வீரமுரசை நீராட்ட எடுத்துட்டுப் போயிருந்தாங்க. முரசு கட்டில் காலியா, மெத்துன்னு பூ பரப்பிக் கிடந்துச்சு. களைச்சு வந்த மனுசன் அது என்னன்னு தெரியாம ஏறிப் படுத்துத் தூங்கிட்டார். அந்தக் கட்டில்ல ஏறுனா வாளால ரெண்டு துண்டாக்குறதுதான் முறை. ராஜா வந்து பாத்தான். வாளை எடுக்கலை. பக்கத்துல நின்னு விசிறி வீசுனான். புறநானூறு 50-ஆவது பாட்டுல புலவரே இதைச் சொல்லியிருக்கார்.

புலவர் ராஜாவை அவமானப்படுத்த ஏறலை. மெத்துன்னு இருந்துச்சு, அசதியா இருந்துச்சு, ஏறிட்டார். புலவரை நாயோட சேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஏறுனவன் மனசுல இல்லாத கெட்ட எண்ணத்தை நாம ஏத்தி வெச்சுப் பாக்கக் கூடாதுன்னு அந்த ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாயை மெத்தையிலயே ஏத்தி வெச்ச ராஜாவும் உண்டு. பிரஷ்ய நாட்டு ராஜா இரண்டாம் பிரெடரிக்கோட நாய்ங்க அரமனையில மெத்தை நாற்காலியிலதான் படுக்கும். தன்னை நாய்ங்களுக்குப் பக்கத்துலயே பொதைக்கணும்னு எழுதி வெச்சுட்டு 1786-ல செத்தார். 1991-லதான் அந்த ஆசையை நெறவேத்துனாங்க. நாய் மெத்தையில படுத்ததால அவர் ராஜ்யம் ஒண்ணும் நாய் கைக்குப் போயிரலை.

ஓநாயை வெச்சு வந்த கதை

"நாயை மேல ஏற விட்டா அது தன்னைத் தலைவன்னு நினைச்சுக்கும்"னு இன்னைக்கும் படிச்சவங்களே சொல்றாங்க. இது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தா, 1947-ல போய் நிக்குது. ருடால்ப் ஷெங்கெல்னு ஒருத்தர், சுவிட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பாத்து எழுதினார். தலைமைக்காக அதுங்க சண்டை போட்டுக்குதுன்னார். 1970-ல டேவிட் மெக்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 'ஓநாய்'னு ஒரு புஸ்தகம் போட்டார். 'ஆல்பா'ங்கிற தலைவன் ஓநாய்க் கதை உலகம் பூராப் பரவுனதுல அதுக்குப் பெரிய பங்கு. நாய் ஓநாய் வம்சம்தானே, அப்ப நாமதான் ஆல்பாவா இருக்கணும், நாயைக் கீழயே வெக்கணும்னு நாய் பழக்கறவங்க அதைப் புடிச்சுக்கிட்டாங்க. மல்லாக்கப் போட்டு அமுக்கறது, கழுத்தைப் புடிச்சு உலுக்கறதெல்லாம் அதோட சேந்து வந்ததுதான்.

பின்னால அதே மெக், கனடாவோட வடக்குக் கோடியில எல்ஸ்மியர் தீவுல, காட்டு ஓநாய்க் கூட்டத்தை வருசா வருசம் கோடைக்குப் போய்ப் பக்கத்துல இருந்து பாத்தார். சண்டையில ஜெயிச்ச தலைவன்னு அங்க யாரும் இல்லை. அப்பா, அம்மா, குட்டிங்க. அது ஒரு குடும்பம், அவ்வளவுதான். சம்பந்தமில்லாத ஓநாய்களைப் புடிச்சு ஒரே பட்டியில அடைச்சா சண்டை போடாம என்ன செய்யும்? புது எடத்துல மாத்தி மாத்திக் கட்டின மாடே முட்டிக்குது! 1999-ல இதை ஒரு கட்டுரையா எழுதி, பழைய கருத்து தப்புன்னு அவரே சொன்னார். தன் புஸ்தகத்தை அச்சடிக்கறதை நிறுத்தச் சொல்லியும் கேட்டார். 2022-ல அது நின்னுச்சு. புஸ்தகம் நின்னாலும் வாட்ஸ்அப் நிக்கலைங்க.

அடியில இருந்து பிஸ்கட்டுக்கு

நாயைக் காரணமில்லாம அடிக்கக் கூடாதுங்கிறது நம்ம நாட்டுல ரொம்பப் பழைய பேச்சு. மகாபாரதத்தோட ஆதி பருவத்துலயே வருது. ஜனமேஜயன் யாகம் பண்ற எடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்துச்சு. ராஜாவோட தம்பிங்க அதை அடிச்சுத் தொரத்திட்டாங்க. தாய் நாய் சரமை நேரா வந்து கேட்டுச்சு: என் புள்ள நெய்யை நக்கலை, அவிசைப் பாக்கக்கூட இல்லை, எதுக்கு அடிச்சீங்க? பதில் சொல்ல யாருக்கும் வாய் வரலை. சாபம் விழுந்துச்சு. அதே பாரதம் கடைசியில, நாயை விட்டுட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன்னு தருமர் நிக்கறதுல வந்து முடியுது.

நாய் பழக்கறதை ஒரு வித்தையா எழுதி வெச்சது ஐரோப்பாவுலதான். 1910-ல ஜெர்மன் போலீஸ்ல இருந்த கொன்ராட் மோஸ்ட் எழுதின புஸ்தகம் ரொம்பப் பிரபலம். சங்கிலி, குச்சி, முள்ளுப் பட்டை எல்லாம் அதுல உண்டு. ஆனா அவரும், சரியாச் செஞ்சா அந்த நிமிசமே பாராட்டணும்னு எழுதியிருக்கார். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பழக்கின முறைதான் பின்னால வீட்டு நாய்க்கும் வந்துச்சு.

இன்னொரு பக்கம் அறிவியல்காரங்க வேற வழியில போனாங்க. 1898-ல தார்ன்டைக்ங்கிற அமெரிக்கர், பூனையையும் நாயையும் பெட்டியில அடைச்சு, எப்படி வெளிய வருதுன்னு பாத்தார். எந்தக் காரியத்துக்குப் பின்னால நல்லது கெடைக்குதோ, அதைத் திரும்பத் திரும்பச் செய்யுதுன்னு கண்டார். ரஷ்யாவுல பாவ்லோவ், சோறு போடறவனோட கால் சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுறதைக் கவனிச்சார். எங்க வீட்டுல சட்டி சத்தம் கேட்டாப் போதும், தென்னந்தோப்புக் கோடியில இருந்து ஓடி வரும். அதே கணக்கு.

அப்புறம் ஸ்கின்னர். 1951-ல 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில, மிருகங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு சாதாரண ஜனங்களுக்காக எழுதினார். ஒரு சின்னச் சத்தம், ஒடனே ஒரு வாய் தீனி. அவர்கிட்டப் படிச்ச பிரெலேண்ட் தம்பதி கோழி, ஆடு, பன்னின்னு அத்தனையையும் இந்த முறையில பழக்கிக் காட்டுனாங்க. ஹவாயில டால்பின் பழக்கின கேரன் பிரையர் 1984-ல ஒரு புஸ்தகம் போட்டாங்க. தலைப்பு 'டோன்ட் ஷூட் த டாக்'. அதாவது நாயைச் சுடாதீங்க. அடிக்காமப் பழக்கற முறை அதுல இருந்துதான் வீடு வீடாப் போச்சு. டால்பினுக்குச் சங்கிலி போட்டு இழுக்க முடியாது, குச்சியால அடிக்க முடியாது. மீனைக் காட்டித்தான் ஆகணும். அங்க வேற வழியில்லாமக் கத்துக்கிட்டது வீட்டு நாய்க்கும் ஒதவுச்சு.

வளந்த நாய் பழகுமா?

அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு கேப்பீங்க. நான் அம்பதைத் தாண்டித்தான் போன்ல தமிழ் டைப் அடிக்கக் கத்துக்கிட்டேன். நாய்க்கும் சாட்சி இருக்கு. 1942-ல, உலகப் போர் சமயம், அமெரிக்காவுல 'டாக்ஸ் பார் டிபன்ஸ்'னு ஒரு ஏற்பாடு பண்ணி, ஜனங்ககிட்ட வீட்டு நாயைக் கேட்டு வாங்கினாங்க. வந்ததெல்லாம் குட்டி இல்லை, வளந்த நாய்ங்க. ஆயிரக்கணக்குல வந்துச்சு. 8 வாரம், 12 வாரம் பழக்கிக் காவலுக்கும் சண்டைக்கும் அனுப்பிச்சாங்க. சிப்ஸ்னு ஒரு கலப்பு நாய் 1943-ல சிசிலித் தீவுல எதிரியோட துப்பாக்கி மேட்டுக்குள்ளயே பாஞ்சு பேர் வாங்குச்சு. முக்கியமான விசயம் இதுக்கு அப்புறம்தான். போர் முடிஞ்சதும் மறுபடி அதுங்களுக்கு வீட்டுப் பழக்கத்தைச் சொல்லிக் குடுத்து, குடுத்தவங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிச்சாங்க. சிப்ஸும் 1945-ல வீடு திரும்புச்சு. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகி, திரும்ப வீட்டுக்கும் பழகுன வளந்த நாய்க்கு, ஒரு சோபாவை விட்டு எறங்கறது பெரிய பாடம் இல்லைங்க.

நாமதான் உள்ள போனோம்

நம்ம ஊருக்குத் திரும்பலாம். எங்க தெருவுல நாய் வீட்டுக்குள்ள வந்தது எப்பன்னு யோசிச்சுப் பாத்தேன். அது தானா வரலை. சாயங்காலம் எல்லாரும் திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம், நாய் காலடியில படுத்திருந்துச்சு. அப்புறம் டி.வி. வந்துச்சு. 2006-க்கு அப்புறம் அரசாங்கம் இலவசமாக் கலர் டி.வி. குடுத்ததும் வீட்டுக்கு வீடு ஆயிருச்சு. டி.வி.க்கு எதிர்ல சோபா வந்துச்சு. திண்ணையை இடிச்சு கிரில் கேட் வெச்சோம். நாம உள்ள போனோம், நாய் பின்னாலயே வந்துச்சு. அது மனுசங்க இருக்கிற எடத்துலதான் இருக்கும், பழங்காலத்துல இருந்து அப்படித்தான். காஷ்மீர்ல புர்சஹோம்ங்கிற எடத்துல புதிய கற்காலத்து மனுசங்களோட சேத்து நாயையும் பொதைச்சிருக்காங்க.

டவுன் பிளாட்டுல சாம்பல் இல்லை, ஈர மண் இல்லை, வாசலே இல்லை. பழைய எடம் எல்லாத்தையும் எடுத்துட்டோம், பதிலுக்கு ஒண்ணும் குடுக்கலை. மெத்துன்னு, உசரமா, பேன் காத்துப் படற மாதிரி, நம்ம வாசனையோட ஒரே எடம் சோபாதான். அது ஏறத்தான் செய்யும்.

அதனால முதல் வேலை, அதுக்குன்னு ஒரு எடம் குடுக்கறது. ஜனங்க உக்கார்ற எடத்துல இருந்து பாத்தாத் தெரியணும். பால்கனி மூலையில போட்டா அது வராது. பழைய கட்டில் காலை அறுத்து நாடா பின்னி ஒரு முழ உசரத்துல சின்னக் கட்டில் பண்ணலாம். முடியலைன்னா சாக்கு மடிச்சுப் போட்டு, மேல நீங்க உடுத்தின பழைய லுங்கியோ சேலையோ விரிங்க. தொவைக்காமப் போடுங்க, வாசனை வேணும்.

அப்புறம் ஒரே ஒரு வார்த்தை. "எடத்துக்குப் போ"ன்னு வெச்சுக்கலாம். போனதும், அந்த நொடியே ஒரு சின்னத் துண்டு அவிச்ச முட்டையோ கருவாடோ. அங்கயே படுத்திருந்தா நடுவுல எந்திரிச்சுப் போய் இன்னொண்ணு. சும்மா படுத்திருக்கிற நாயை நாம யாரும் பாராட்டறதே இல்லை, மேல ஏறுனாத்தான் கண்ணுக்குத் தெரியுது.

சோபாவுல ஏறிட்டாக் கத்தாதீங்க, பட்டையைப் புடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா ஒரு நாள் உறுமும், இன்னொரு நாள் கடிக்கும். கீழ நின்னு கூப்பிட்டு, எறங்கினதும் அதோட எடத்துக்குக் கூட்டிட்டுப் போய் அங்க குடுங்க. உறுமற பழக்கம் ஏற்கெனவே இருந்தா நீங்களா மல்லுக்கட்டாதீங்க, மாட்டாஸ்பத்திரி டாக்டரையோ வெவரம் தெரிஞ்ச ஆளையோ கேளுங்க. வீட்டுல ஆள் இல்லாதப்போ சோபா மேல ரெண்டு நாற்காலியைக் கவுத்து வெச்சிருங்க. ஏறி ருசி கண்டுக்கிட்டே இருந்தா பழக்கம் விடாது.

எல்லாத்தையும் விட முக்கியம், வீட்டுக்கு ஒரே சட்டம். அப்பா தொரத்தறார், ஞாயித்துக்கிழமை புள்ள மடியில ஏத்திக்குதுன்னா அது ஜென்மத்துக்கும் விடாது. எப்பவும் கெடைக்கிறதை விட எப்பவாச்சும் கெடைக்கிறதுதான் பழக்கத்தைக் கெட்டிப்படுத்தும்னு பெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லயே பெரிய புஸ்தகமா எழுதிட்டாங்க. விவசாயிக்கு இது புஸ்தகம் இல்லாமயே தெரியும். ஒரு தரம் சோளத்துல வாய் வெச்ச மாடு, வேலி எங்க சந்து விட்டிருக்குன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கும். வேலியை முழுசா அடைக்கணும், அதே சமயம் தொட்டியில தீனியும் போடணும். முதல் வாரம் முன்னைவிட ஜாஸ்தியா ஏறிப் பாக்கும், பயப்படாதீங்க. கெடைச்சுக்கிட்டு இருந்தது நின்னா யாருமே ஒரு தரம் பலமாத் தட்டித்தான் பாப்பாங்க. மூணு நாலு வாரம் பொறுங்க.

இத்தனை நாள் ஏறாத வயசான நாய் திடீர்னு ஏறுதுன்னா வேற மாதிரி பாருங்க. தரை ஜில்லுன்னு மூட்டுல வலிக்கும், அதுக்கு மெத்தை தேடும். அங்க வேண்டியது பாடம் இல்லை, வைத்தியம்.

சோபாவுல ஏற விடறதும் விடாததும் அவங்கவங்க வீட்டு விருப்பம். ஏறக் கூடாதுன்னா அதுல ஒண்ணும் தப்பில்லை, எங்க வீட்டுலயும் ஏறக் கூடாதுதான். ஆனா அதுக்காகக் காரை எடுத்துக்கிட்டு ஊர்ப்பக்கம் வராதீங்க. ஒரு பழைய லுங்கி, ஒரு டசன் முட்டை, ஒரு மாசப் பொறுமை, இவ்வளவுதாங்க செலவு.